பன்றிக்கு வைத்த பெயர்

ஏழே கால் பஸ் காவலூரைத் தாண்டிப் போன பிறகுதான் பிரியதர்ஷினி கடையைத் திறப்பது வழக்கம். அன்று பஸ் வருவதற்கு முன்பே திறந்துவிட்டாள்.

வீட்டில் இருக்க முடியவில்லை. அம்மா ராணியம்மாள் விடிவதற்குள் வாசலை இரண்டு முறை பெருக்கியிருந்தாள். அப்பா கோவிந்தன் வெள்ளை வேட்டியை எடுத்து வைத்துவிட்டு, அதை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் இருப்பதே மூன்று பேர்தான்.

மாலையில் அருணகிரி குடும்பம் கல்யாணத்துக்கு நாள் குறிக்க வருகிறது.

எல்லையில் நிற்கும் புளியமரத்துக்காக இரண்டு குடும்பங்களும் முகம் பார்க்காமல் இருந்த காலம் முடிந்து அதிக நாள் ஆகவில்லை. ஊர் கூடிப் பேசி மரத்தைப் பொதுவாக்கிவிட்டது. இப்போது உலுக்குகிற அன்று இரு வீட்டாரும் போய்ப் பாதிப் பாதி அள்ளிக்கொள்கிறார்கள். அப்படி உலுக்கப் போன இடத்தில்தான் அருணகிரியின் மகன் அசோக்குமாரும் பிரியதர்ஷினியும் முதன்முதலாகப் பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவனுடைய போன் அடிக்கடி பழுதாகத் தொடங்கியது. போன வாரம் அருணகிரியே பெண் கேட்டு ஆள் அனுப்பிவிட்டார்.

கடை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, ஒற்றைக் கதவு. போன், மிக்ஸி, டார்ச் எல்லாம் பழுது பார்க்க வரும். யாரோ தூக்கிப் போடச் சொன்ன மடிக்கணினியில் இலவச லினக்ஸ் ஏற்றி, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓட வைத்துக் கொடுப்பாள். சுவரில் ஓர் அட்டை தொங்கும். 'கேட்காமல் திறக்க மாட்டோம். கேட்காமல் அழிக்க மாட்டோம்.' எழுத்து பன்மையில் இருந்தாலும் கடையில் இருப்பது அவள் ஒருத்திதான்.

வேலை ஓய்ந்த நேரத்தில் அவள் கணினி விளையாட்டு எழுதுவாள். பெயர் 'பரண்'. சாமை விளைந்து நிற்கிறது, பரண்மேல் ஒரு பெண் இருக்கிறாள், பன்றி வருகிறது, விரட்ட வேண்டும். அவ்வளவுதான். அவளோடு சேர்ந்து அதை எழுதுகிறவர்களில் ஒருவரையும் அவள் நேரில் பார்த்ததில்லை. யாரும் விலை வைப்பதில்லை. எல்லாவற்றையும் இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள்.

பஸ் வந்து போனது. புழுதி அடங்குவதற்குள் அசோக்குமாரின் பைக் வந்து நின்றது. அவன் வானாய்வகத்தில் வண்டி ஓட்டுகிறான். வேலைக்குப் போகிற வழி.

"இன்னைக்கும் போன்தானாங்க?"

"இன்னைக்கு நெசமாவே ரிப்பேரு" என்று புனல் வாய் வைத்த மஞ்சள் நிறக் கை மைக் ஒன்றை மேசைமேல் வைத்தான். "கண்ணமங்கலம் போயிருந்தப்ப அப்பா வாங்கினாரு. பன்னி வெரட்டறதாம். பட்டன அழுத்தினா அதுவே கத்தும்னான் கடைக்காரன். வூட்டுக்கு வந்து பாத்தா ஊம."

"கடையிலயே அழுத்திப் பாக்கலையா?"

"உள்ள அழுத்தினா காது போயிடும்னானாம். நம்பிட்டாரு. சாயந்திரம் உங்க வூட்டுக்கு வர்றப்ப எடுத்துக்கறேன்னாரு. ஆவுமா?"

"ஆவும்."

அவன் போகவில்லை.

"சாயந்திரம் பச்சப் பொடவையா?"

"உங்களுக்கு வேலைக்கு நேரமாவலையா?"

சிரித்துக்கொண்டே போனான்.

திருகாணிகளைக் கழற்றினாள். பெரிய கோளாறு இல்லை. ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர் விட்டிருந்தது. மலைப்பாதைக் குலுக்கலில் விட்டிருக்கும். ஈயம் வைத்து ஒட்டினாள், மூடினாள், பட்டனை அழுத்தினாள்.

"ஓ... ஓய்" என்று ஒரு பெண் குரல் நீளமாக எழுந்தது. "அடேய் அருணகிரி, காதறுந்தவனே, எங்கூட்டு சாமைய தின்னுட்டு எங்கடா ஓடற? நில்லுடா அருணகிரி."

அவள் கை தானாகவே பட்டனை அணைத்தது. எதிரே டீக்கடையில் இரண்டு தலைகள் திரும்பின.

குரல் ராணியம்மாளுடையது.

புளியமரச் சண்டை உச்சத்தில் இருந்தபோது, சாமை விளையும் கொல்லைக்கு வருகிற பெரிய ஆண் பன்றிக்கு, ஒரு காது கிழிந்த பன்றிக்கு, அம்மா அந்தப் பெயரை வைத்தாள். வீட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டது. "அருணகிரி நேத்து கெழக்கால வந்துட்டான்" என்று அப்பா சாப்பிடும்போது சொல்வார். சண்டை தீர்ந்த பிறகும் பெயர் போகவில்லை. வேறு பெயரில் கூப்பிட யாருக்கும் வரவில்லை.

போன அறுப்புக்கு முன்னால், அம்மாவோடு பரணில் உட்கார்ந்து அவள் அந்தக் குரலைப் போனில் பதிந்தாள். விளையாட்டில் முதல் 'ஓய்' மட்டும்தான் வரும். பெயரை வெட்டிவிட்டாள். ஆனால் வெட்டாத முழுப் பதிவையும் பொதுவில் வைத்திருந்தாள். செய்த பொருளை மட்டும் கொடுத்தால் போதாது, எதைக் கொண்டு செய்தாயோ அதையும் கொடு என்பது அந்தக் கூட்டத்தின் வழக்கம். மற்றவர்கள் படங்களைக் கொடுத்தார்கள், இசையைக் கொடுத்தார்கள். அவள் அம்மாவைக் கொடுத்தாள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். எடுத்தவர் கொடுத்தவர் பெயரைப் போட வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.

கை மைக்கின் அடியில் அதை விற்ற கடையின் போன் நம்பர் ஒட்டியிருந்தது. அழைத்தாள்.

"சுரேஷ் பேசறேன், சொல்லுங்க."

"பன்னி மைக்குல வர்ற கொரலு எங்கேருந்து எடுத்தீங்க?"

"இன்டர்நெட்லேருந்துமா. ஒரு கேமோட எடத்துல இருந்துச்சி. யார் வேணா எடுத்துக்கலாம்னு போட்டிருந்தாங்க. ஏன், தப்பா?"

"தப்பில்ல. அது எங்க கேமு."

"அட. சூப்பரா போவுதுமா. ஆம்பள கொரலுக்கு அசையாத பன்னிங்க இந்தம்மாவுக்கு ஓடுதாம்."

"எடுக்கறவங்க பேரு போடணும்னு எழுதியிருந்தோமே."

"பேருதான் அதுலயே வருதே."

"அது பன்னியோட பேரு."

"நானும் அப்டித்தான் நெனச்சேன்." அவன் சிரித்தான். "அதே பேருல ஒரு பெரியவரு வந்து வாங்கிக்கினு போனாருமா. பில்லு போட பேரக் கேட்டனா, எனக்கு சிரிப்ப அடக்க முடியல."

பிரியதர்ஷினி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"வேற கொரலு குடுத்தா மாத்துவீங்களா?"

"கையில இருக்கறதுல மாத்திடறேன். வித்தது வித்ததுதான். ஆனா இதே மாதிரி பயம் வரணும், பாத்துக்க."

போனை வைத்தபோது அப்பா வந்தார். கையில் வெற்றிலை, பூ, வாழைப்பழம். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையை இறக்கினார். அவள் ஒலியைக் குறைத்து, கை மைக்கை அவர் காதருகே பிடித்து அழுத்தினாள்.

"உங்கம்மா" என்றார்.

"ம்."

"இது யாருது?"

"அருணகிரி மாமாவோடது."

கோவிந்தன் தெருவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இன்னா பெரிய விசயம். உள்ள ஒரு கார்டுதானே கீது? அழிச்சிட்டு வேற இன்னாவாவது போட்டுக் குடு. நாய் கொலைக்கறாப்ல போடு."

"அவரு பொருளுப்பா."

"சம்பந்தி பொருளு."

"கேக்காம அழிக்க மாட்டோம்னு எழுதி வெச்சிருக்கேன்."

"அந்த அட்டய சாயந்திரம் வரைக்கும் கழட்டி வை."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா சிரிக்கவில்லை. "உங்கம்மாவுக்கு நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு" என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கார்டை எடுத்து மடிக்கணினியில் போட்டாள். ஒரே ஒரு கோப்பு. தேர்ந்தெடுத்தாள். அழிக்கும் பட்டன்மேல் விரல் இருந்தது.

அழித்தால் நாள் குறித்துவிடுவார்கள். யாருக்கும் தெரியாது. ஆனால் அவள் அந்த வீட்டுக்குப் போவாள். சாமை முற்றுகிற காலத்தில் மாமனார் கொல்லையில் பட்டனை அழுத்துவார். நாய் குரைக்கும். குரைக்கிற ஒவ்வொரு முறையும் அவளுக்குத் தெரியும்.

விரலை எடுத்தாள். கார்டைத் திரும்ப வைத்து மூடினாள். மதியம் கடையைச் சாத்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

ராணியம்மாள் சாமைப் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தாள். வெல்ல வாசனை வாசல்வரை வந்தது.

"அம்மா, பரண்ல நீ கத்தினத நான் போன்ல புடிச்சேனே, ஞாபகம் கீதா?"

"சளி புடிச்சிருந்தப்ப. வாணான்னேன், கேட்டியா நீ."

"அத வெளிய குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்."

கரண்டி நின்றது. "எல்லாருக்கும்னா?"

"யாருக்கு வேணுமோ அவங்களுக்கு."

"வந்து கேட்டாங்களா?"

"இல்ல. நானா குடுத்தேன்."

"என்னக் கேட்டியா?"

பிரியதர்ஷினி அடுப்பைப் பார்த்தாள். தன் எழுத்தை யார் எடுக்கலாம், எப்படி எடுக்கலாம் என்று முகம் தெரியாதவர்களோடு நாள்கணக்கில் வாதாடியவள் அவள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

கை மைக்கை எடுத்து, ஒலியைக் குறைத்து அழுத்தினாள். ராணியம்மாள் கேட்டாள். கடைசி வார்த்தை முடிந்த பிறகும் கேட்பதுபோலவே நின்றாள்.

"இது யாருது?"

"அருணகிரி மாமா கண்ணமங்கலத்துல வாங்கினது. அவரு இன்னும் கேக்கல."

அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அழி."

"பொட்டி அவரோடதும்மா."

"அதுக்குள்ள கத்தறது நானு. என் கொரல நான் அழின்றேன்."

அம்மா சொல்வதில் நியாயம் இருந்தது.

"உன்னக் கேக்காம குடுத்தது ஒரு தப்பு" என்றாள் மெதுவாக. "அவரக் கேக்காம அழிச்சா ரெண்டு தப்பு."

"ரெண்டாவது தப்பப் பண்ணா கல்யாணம் நடக்கும்."

"நடக்கும்."

"பண்ணாட்டி நின்னுடும்."

"நிக்கலாம்."

"அந்தப் பையன் மேல உனக்கு ஆச இல்லையா?"

"கீதும்மா. அதான்."

ராணியம்மாள் எழுந்து பாயசத்தைக் கிண்டினாள். அடி பிடிக்கத் தொடங்கியிருந்தது. பானையின் ஓரத்தைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள்.

"நான் சொல்லிக்கறேன். அவங்க வந்தா நீ உள்ள இரு" என்றாள் மகள்.

"பேரு வெச்சது நீயா? நான்தானே. நான் எதுக்கு உள்ள இருக்கணும்?"

வெயில் இறங்கியதும் வந்தார்கள். அருணகிரி, அவர் மனைவி ரத்தினம்மாள், அசோக்குமார். பாய் விரித்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். இந்த வருடம் மழை பரவாயில்லை என்றார் கோவிந்தன். பரவாயில்லை என்றார் அருணகிரி. பிறகு பிரியதர்ஷினியைப் பார்த்து, "மைக்கு ஆச்சாம்மா?" என்றார்.

"ஆச்சு மாமா. அழுத்தறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த."

சொன்னாள். பன்றிக்கு வைத்த பெயர், பதிந்தது, பொதுவில் வைத்தது, கடைக்காரர் எடுத்தது. எதையும் விடவில்லை, எதையும் அலங்கரிக்கவில்லை. "உங்க பொருளு. அதனால நான் தொடல. அழின்னா அழிக்கறேன்" என்று முடித்தாள்.

"பேரு வெச்சது நானு. அவ இல்ல" என்றாள் ராணியம்மாள், சமையலறை வாசலில் நின்று.

அசோக்குமார் பாயின் கோரையை எண்ணுவதுபோலக் குனிந்திருந்தான். அருணகிரி கை மைக்கை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போனார்.

வாசலைத் தாண்டி, சரிவு தொடங்குகிற இடத்தில் நின்று அழுத்தினார். ராணியம்மாளின் குரல் கொல்லைகளுக்கு மேலே போய், எதிர்ச் சரிவில் பட்டுத் திரும்பி வந்தது. எங்கோ நாய்கள் குரைத்தன. மறுபடியும் அழுத்தினார்.

உள்ளே கோவிந்தன் வெள்ளை வேட்டியில் இல்லாத அழுக்கைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அருணகிரி திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"சளி புடிச்சிருந்துதா?" என்று ராணியம்மாளைக் கேட்டார்.

"ஆமா."

"அதான். நேர்ல கேட்டா கணீர்னு இருக்கும்."

ராணியம்மாள் நிமிர்ந்தாள்.

"என் பரணும் உன் பரணும் கூப்டு தூரம்" என்றார் அவர். "எனக்குக் கேக்காதா? மொத நாளு தடிய எடுத்துக்கினு சண்டைக்கு வர்லாம்னு எறங்கிட்டேன். அப்புறம் பாத்தா, உன் கொல்லையிலேருந்து ஓடின பன்னி என் கொல்லப் பக்கமும் வர்ல. சரி, கத்தட்டும்னு ஏறிப் படுத்துக்கினேன்."

கோவிந்தன் சிரிக்கப் போனார். அருணகிரியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அது மலையில. காத்தோட போச்சு. இது கடையில கீது. அந்தக் கடைக்காரன் பேரக் கேட்டான். சொன்னேன். சிரிச்சான். எதுக்கு சிரிக்கறான்னு மலை ஏறி வர்ற வரைக்கும் யோசிச்சிக்கினு வந்தேன்."

அந்தச் சிரிப்பு இன்னும் அவர்மேல் இருந்தது. பிரியதர்ஷினிக்கு அது தெரிந்தது.

"திருப்பி வாங்க முடியுமா?" என்று கேட்டார்.

"முடியாது மாமா."

"திருடிட்டான்னு எழுதிக் குடுத்தா?"

"அவரு திருடல. எடுத்துக்கன்னு எழுதி வெச்சது நான்தான். இப்ப திருடிட்டான்னா அது பொய்."

"வேற இன்னாதான் பண்ணுவ?"

"புதுசா ஒண்ணு பதிஞ்சி குடுத்தா, கையில இருக்கறதுல மாத்தறேன்னு சொன்னாரு. இன்டர்நெட்ல எங்க எடத்துல பழச எடுத்துடுவேன். யாரும் பழச உபயோகிக்க வாணாம்னு எழுதுவேன். கேக்கறவங்க கேப்பாங்க. கேக்காதவங்கள ஒண்ணும் பண்ண முடியாது."

அருணகிரி கை மைக்கை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத அழிச்சிட்டு வேற ஏதாவது போட்டுக் குடுத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சிருக்காது மாமா."

அதுவரை வாய் திறக்காத ரத்தினம்மாள் கையை நீட்டினாள்.

"இங்க குடுங்க அத."

"எதுக்கு?"

"கட்டிக்கினு வந்த நாள்லேருந்து அந்தப் பேர நான் வாயால சொன்னதில்ல. ரேசன் கடையில கேட்டாகூட, பக்கத்துல நிக்கறவங்கள வுட்டு சொல்ல சொல்லுவேன். இந்தம்மா மலைக்கே கேக்கறாப்ல சொல்லுது. குடுங்க, நல்லா கேக்கறேன்."

பிடுங்கி அழுத்தினாள். 'நில்லுடா அருணகிரி' என்று வந்ததும், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. மறுபடியும் அழுத்தினாள். அசோக்குமார் எழுந்து வெளியே ஓடினான். அவன் சிரிப்புச் சத்தம் வாசலிலிருந்து வந்தது.

அருணகிரியின் மீசை ஒரு பக்கம் அசைந்தது.

"போதும் வுடுடி" என்றார். பிறகு பிரியதர்ஷினியிடம், "இத அழிக்காத. வூட்ல இருக்கட்டும். நான் கொல்லையிலேருந்து வர நேரமானா இவ அழுத்திக் கூப்டுவா. கடைக்கு மட்டும் புதுசு குடு" என்றார்.

"நானே கத்தித் தர்றேண்ணா" என்றாள் ராணியம்மாள். அவரை அண்ணா என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. யாரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

எல்லோரும் சரிவுக்குப் போனார்கள். பிரியதர்ஷினி போனை எடுத்தாள். எடுத்துவிட்டு நிறுத்தினாள்.

"அம்மா, இது வெளிய போவும். யார் வேணா எடுப்பாங்க, விப்பாங்க. அப்புறம் வாணாம்னாலும் திருப்ப முடியாது. குடுக்கலாமா?"

"கேட்டுட்டல்ல. குடு."

ராணியம்மாள் தொண்டையைச் செருமினாள். "அடேய் அ..." என்று தொடங்கி வாயை மூடிக்கொண்டாள். ரத்தினம்மாள் மறுபடியும் முந்தானைக்குள் போனாள். இரண்டாவது முறை பெயர் இல்லாமல், வெறும் ஓசையாகக் கத்தினாள். சளி இல்லாத குரல். எதிர்ச் சரிவிலிருந்து பறவைகள் எழுந்தன.

"இந்தக் கொரலுக்குப் பன்னி என்ன, நானே ஓடுவேன்" என்றார் கோவிந்தன்.

உள்ளே வந்து பஞ்சாங்கத்தைப் பார்த்தார்கள். தை பிறந்ததும் வருகிற முதல் முகூர்த்தம் இரண்டு வீட்டுக்கும் ஒத்து வந்தது. தட்டு மாற்றிக்கொண்டார்கள். பாயசத்தில் தீய்ந்த வாசனை கொஞ்சம் இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. ரத்தினம்மாள் இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கினாள். வாசலில் அசோக்குமார், பச்சைப் புடவை நன்றாக இருக்கிறது என்று பிரியதர்ஷினியிடம் சொன்னான். இது நீலம் என்றாள் அவள்.

அருணகிரி காலை நீட்டிச் சுவரில் சாய்ந்தார். கோவிந்தன் வெற்றிலைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். அருணகிரி ஒன்றை எடுத்து, காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி மடித்தார். வாயில் போடவில்லை. எதையோ கணக்குப் போடுகிறவர்போல ராணியம்மாளைப் பார்த்தார்.

"தங்கச்சி, அந்தக் காதறுந்தது நம்ம சண்டைக்கு முன்னாடியே வந்துக்கினு இருந்துதே. அப்ப அதுக்கு யாரு பேரு வெச்சிருந்த?"

ராணியம்மாளின் பார்வை கோவிந்தன் பக்கம் போய்த் திரும்பியது.